மேல்கட்டில்காரனுக்கு நான் கொடுத்த நல்ல பெயர்

போன வாரம் அந்த மாமா வந்துவிட்டுப் போனதும் நீங்கள் இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். எல்லாரும் அவரைத் தங்கமான மனிதர் என்கிறார்கள், அம்மாகூட இரண்டு தடவை சொல்லிவிட்டாள், அப்பா மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்று பெரியவள் கேட்டாள். அப்பாவுக்குப் பொறாமை என்றான் சின்னவன்.

பொறாமை இல்லை. அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அன்பினால் கொடுக்கவில்லை. பழிவாங்கக் கொடுத்தேன். வாயால் சொன்னால் அம்மா நடுவில் புகுந்து சிரித்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாள் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் டிப்ளோமாவோடு நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இருக்காது.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீட்டில் எனக்கு அரை அறை. அரை அறை என்றால், அறையில் ஓர் அடுக்குக் கட்டில் இருந்தது, அதில் கீழ்ப்பாதி எனக்கு. மேல்பாதி அவனுக்கு. அப்போது அவன் யாருக்கும் மாமா ஆகவில்லை, அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். எனக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அவனுக்குக் குளிர்ந்த அறையில் கம்ப்யூட்டர் வேலை. இருவருக்கும் இருபத்தாறு வயது, இருவரும் புதுக்கோட்டைப் பக்கம்.

குளித்துவிட்டு வந்தால் ஈரத் துண்டை மேல்கட்டில் கம்பியில் போடுவான். அதன் நுனி சரியாக என் மூக்குக்கு மேலே தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிக்கு முன்னால் அவன் கண் திறந்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் ஊற வைத்திருக்கிறேன் என்பான். இரண்டு நாள் ஊறும். வெங்காயம் உரிக்கச் சொன்னால் கண்ணில் லென்ஸ் போட்டிருக்கிறேன் என்பான். அவனிடம் லென்ஸே கிடையாது. போன் வந்தால் எடுக்க மாட்டான், பேசுவதற்கு வெட்கமாம், மெசேஜ் அனுப்பு என்பான். அடுத்தவன் அசந்திருக்கும் நேரம் பார்த்துப் படம் எடுப்பதற்கு மட்டும் வெட்கம் கிடையாது.

அப்படி எடுத்த ஒரு படத்தில்தான் என் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து இரண்டு பேரும் ரயிலில் வந்துகொண்டிருந்தோம். அன்று முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தேன். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். பக்கத்தில் ஒரு சீன அம்மாள், அறுபது வயதுக்கு மேலிருக்கும், மடியில் கீரைப் பையை வைத்துக்கொண்டிருந்தார். என் தலை சரிந்து அவர் தோளில் விழுந்திருக்கிறது. அந்த அம்மாள் தள்ளிவிடவில்லை. பாவம் தூங்கட்டும் என்று அசையாமல் இருந்திருக்கிறார். பெற்ற தாய் செய்கிற காரியம் அது. எதிர் இருக்கையில் இருந்த இவன் என்னை எழுப்பாமல் படம் எடுத்திருக்கிறான். என் வாய் திறந்திருக்கிறது.

இது நடந்து சில மாதத்தில் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. ஊரில் ஒரு வழக்கம் உண்டு, இங்கே பிறந்த உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாப்பிள்ளையின் நண்பர்கள் சேர்ந்து மண்டப வாசலில் பேனர் வைப்பார்கள். மாப்பிள்ளை படம் பத்தடிக்கு இருக்கும், பக்கத்தில் கிண்டலாக நாலு வரி, கீழே வட்டம் வட்டமாக நண்பர்களின் முகங்கள். எனக்குப் பேனர் வைக்கும் பொறுப்பை அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவனிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் இங்கிருந்தபடியே அந்த ரயில் படத்தை எங்கள் ஊர் ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அதோடு ஒரு வாசகம்: 'சிங்கப்பூரில் சுகமாய்ச் சாய்ந்த சிங்கமே, இனி உன் தூக்கம் போச்சே.'

ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம். எந்த முகம் வந்தாலும், யார் என்ன என்று கேட்காமல், சுருக்கத்தை எடுத்து, வெள்ளையாக்கி, கன்னத்தை வழவழவென்று ஆக்கிவிடுவார்கள். நரை இருந்தால் கறுப்படித்துவிடுவார்கள். கல்யாணப் பேனர்தானே, எல்லாரும் அழகாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தில் அறுபது வயது அம்மாள் முப்பது வயதுப் பெண்ணாகிவிட்டார். அவர் தோளில் நான் சாய்ந்து, வாயைத் திறந்து, சொர்க்கத்தில் இருப்பவன் மாதிரி இருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கியவர் அம்மாவின் பெரியப்பா. பேனர் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டாருக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு, அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்துவிடுமோ என்று. அந்தப் பயம் பத்தடி உயரத்துக்குக் கலரில் நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? யார் இந்தப் பொம்பளை என்று என் அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு என்ன தெரியும்? ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று நான் சொன்னேன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தோளிலெல்லாம் சாய்வது அந்த ஊர் வழக்கமா என்று கேட்டார். சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பெண்ணை அறையை விட்டு வெளியே அனுப்ப வேண்டாம் என்று பெரியப்பா சொன்னது எனக்கே கேட்டது.

நான் அவனுக்குப் போன் அடித்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அசல் படத்தை அழித்துவிட்டாராம், அது இனி அவனிடம்தான் இருந்தது. அதை அனுப்பினால் போதும், அம்மாளின் நரையும் சுருக்கமும் தெரிந்துவிடும், என் கல்யாணம் பிழைத்துவிடும். பதினாறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. பேனரைப் படம் பிடித்து, பிரச்சினையாகிவிட்டது, உடனே கூப்பிடு என்று மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. பதிலுக்குக் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று வந்தது.

அந்த மூன்று பொம்மைகளை நான் இன்னும் மறக்கவில்லை.

என்னைக் காப்பாற்றியது உங்கள் அம்மா. பாதி பின்னிய தலையோடு வெளியே வந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. நேராகப் பேனர் முன்னால் போய் நின்றாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டாள்.

"மூஞ்சிய விடுங்க பெரியப்பா. கையப் பாருங்க."

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் முகத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார். கீரைப் பையைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, புள்ளி புள்ளியாக அப்படியே இருந்தது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது உங்க வயசுக் கை" என்றாள் அம்மா.

இலை மறுபடி விழுந்தது. மறுநாள் கல்யாணமும் நடந்தது. ஆனால் பெரியப்பா பாதிதான் நம்பினார். கை சரிதான், அதற்காக எதற்குச் சாய வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் எனக்கு வைத்த பெயர் 'சீனாக்கார மாப்பிள்ளை.' அது ஊர் முழுக்கப் பரவியது. காதுகுத்துக்குப் போனாலும் சீனாக்கார மாப்பிள்ளை வந்துவிட்டார், துக்கத்துக்குப் போனாலும் சீனாக்கார மாப்பிள்ளைக்கு வழிவிடுங்கள். யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத ஓர் அம்மாளையும் சேர்த்துக் கேவலப்படுத்துகிற பெயர்.

நான் சிங்கப்பூர் திரும்பினேன். அம்மாவை அழைத்து வர இரண்டு வருடம் ஆகும் என்ற நிலைமை, அதனால் மறுபடியும் அதே கீழ்க்கட்டில். பேனர் எப்படி என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "செம கண்டென்ட் மச்சான், நீ அத வீடியோ எடுத்திருக்கணும்" என்றான்.

அவன் ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேன். கேட்கவில்லை. நான் சம்பாதிக்காத ஒரு பெயரை என் தலையில் கட்டியவன், தான் சம்பாதிக்காத ஒரு பெயரைச் சுமக்காமல் போகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எப்படி என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் அவன் சாக்ஸில் ஜோடிக்கு ஒன்றை ஒளித்து வைத்தேன். அவன் வெவ்வேறு நிறத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஆபீசில் அது புதுசு என்று பாராட்டினார்களாம்.

ஒரு வருடம் போனது. அவன் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தியை அவனுக்குப் பிடித்துப்போனது. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், வீடு காத்தோங்கில். அப்பா பஸ் ஓட்டும் கேப்டன். அவள் வீட்டில் சொல்லியும் விட்டாள். மாப்பிள்ளை எப்படி என்று அக்கம்பக்கம் விசாரிப்பார்களே, இங்கே யாரை விசாரிப்பது? கூட இருப்பவனைத்தான். ஒரு நாள் எனக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பெண்ணின் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தேக்கா சாப்பாட்டுக் கடைகளுக்கு வர முடியுமா, மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றார். கட்டிலில் மேலே அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவர் எனக்கு முன்னாலேயே வந்து மேசை பிடித்து, இரண்டு தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். கேள்விகளை நம்பர் போட்டு எழுதியிருந்தார்.

"நான் சுத்தி வளைக்க மாட்டேன் லா தம்பி. ஒரே ரூம்ல மூணு வருஷம் இருந்திருக்கீங்க. ஆளு எப்படி, ஓப்பனா சொல்லுங்க."

 இப்படி ஒரு நாள் வரும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. அவன் கல்யாணம் என் வாயில் இருந்தது. சோம்பேறி, பொய் சொல்வான், அடுத்தவன் குடும்பத்தோடு விளையாடுவான், ஆபத்துக்குப் போன் எடுக்க மாட்டான் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அத்தனையும் உண்மை வேறு. வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவர், தனக்கு மூன்றும் பெண், பெரியவள் முதல் தடவையாக ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறாள், ஆள் சரியில்லை என்றால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ் ஓட்டும்போதெல்லாம் அதே யோசனை என்றார். எனக்கு யோசனை வந்தது. அவன் கெட்டவன் என்று நான் சொன்னால் அழப்போவது அந்தப் பெண். இவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், மூன்றாம் நாள் போனில் அடுத்த பெண்ணைத் தேடுவான். அது போதாது. எனக்கு அது போதவே போதாது.

அவர் தாளைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வார்?

"ஞாயித்துக்கெழமையா? நாலு மணிக்கு எந்திரிச்சிருவாருங்க" என்றேன்.

பேனாவைத் தூக்கிவிட்டார். "சாயங்காலமா?"

"காலையிலங்க. குளிச்சு, சாமி கும்பிட்டுட்டு, வீட்ல எல்லாருக்கும் காய் நறுக்க உக்காந்துருவாரு. வெங்காயம்னா எங்கள யாரையும் தொடவே விட மாட்டாரு. அவருக்கு அதுல ஒரு நிம்மதி."

அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். மற்ற கேள்விகளைக் கேட்கவே இல்லை. காத்தோங்கில் தாம் போகும் கோயிலில் ஞாயிறு அன்னதானச் சமையலுக்குத் தாம்தான் பொறுப்பு என்றும், காய் நறுக்க இளவட்டம் ஒருவரும் வருவதில்லை, வந்தாலும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றும் சொன்னார். சத்தியமாக அதுவரை எனக்கு அது தெரியாது. சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரண்டு வடை வாங்கிக் கொடுத்தார்.

நான் எழுந்திருக்கும்போது ஒன்று மட்டும் சேர்த்தேன். "நேர்ல கேட்டா ஒத்துக்க மாட்டாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, வராதுன்னுதான் சொல்லுவாரு. தற்பெருமை பிடிக்காது அவருக்கு."

உங்களிடம் பொய் பேசாதீர்கள் என்று சொல்கிறவன் இதை எழுதுகிறேனே என்று கூசுகிறது. எழுதாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும்.

நிச்சயம் முடிந்த மறு ஞாயிறு, காலை நாலேகாலுக்கு மேல்கட்டிலில் போன் அடித்தது. மாமனார் என்பதால் எடுத்தான். அவர் கோயில் வேனோடு எங்கள் புளோக் கீழே நின்றுகொண்டிருந்தார். நீங்கள்தான் எழுந்திருப்பீர்களே, பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்க் காய் எடுத்துக்கொண்டு அப்படியே கோயிலுக்குப் போய்விடலாம் என்றார். கட்டில் குலுங்கியது. இருட்டில் ஏணியில் ஒரு கால் வந்தது, பிறகு இன்னொரு கால் வந்தது. நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுகமான படுக்கை வாய்த்ததில்லை.

மதியம் மூன்று மணிக்கு வந்தான். கண் இரண்டும் சிவந்து, விரலில் பிளாஸ்திரி, உடம்பு முழுக்க வெங்காய வாடை. தரையில் உட்கார்ந்தான்.

"மச்சான், யாரோ என்னைப் பத்தி அவர்கிட்ட போட்டுக் குடுத்திருக்கானுங்க டா."

"என்னன்னு?"

"ரொம்ப நல்லவன்னு."

அடப்பாவமே என்றேன். எனக்குக் காய் நறுக்க வராது மாமா என்று அவரிடம் நேராகவே சொல்லிப் பார்த்தானாம். அவர் முதுகில் தட்டிக்கொடுத்து, நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரியும் என்றாராம். அடுத்த ஞாயிறும் வேன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. பெண்ணிடம் சொல்லி நிறுத்தலாம் என்றால், அவள் தன் தோழிகளிடமெல்லாம் இதைச் சொல்லிப் பூரித்துப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அலாரம் தேவைப்படவில்லை. அந்த ஏணி முனகுவதைக் கேட்பதற்காகவே விழித்துக்கொள்வேன்.

அவன் கல்யாணம் இங்கேயே நடந்தது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போது மாமனார் மைக்கை வாங்கினார். நல்ல மேடைத் தமிழில், இந்த மாணிக்கத்தை எமக்கு அடையாளம் காட்டிய அறைத்தோழருக்கு இச்சபையில் நன்றி கூறுகிறேன் என்று சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்து நின்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். மேடையில் பட்டு வேட்டியும் மாலையுமாக நின்றவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒவ்வொரு ஞாயிறாகப் புரிந்துகொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே நிற்க வேண்டிய நிலைமை அவனுக்கு. பின்னால் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்தான்.

"நீயா டா?"

"நான்தான்."

"எதுக்குடா?"

"பேனர்" என்றேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. அம்மா வந்துவிட்டாள், நாங்கள் உட்லண்ட்ஸுக்கு வந்துவிட்டோம், பெரியவள் பிறந்து தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவன் வந்தான். இளைத்திருந்தான். உட்கார்ந்ததும், முடியவில்லை, விடுவித்துவிடு, மாமனாரிடம் நீ சொன்னது பொய் என்று சொல்லிவிடு என்றான். அவர் அடுத்த மாதத்திலிருந்து பொறுப்பு முழுவதையும் இவனிடம் ஒப்படைக்கப் போகிறாராம்.

சரி என்றேன். அதற்கு முன்னால் நீ பெரியப்பாவிடம் பேசு, நீ செய்ததை நீயே சொல்லு, என் பெயரைத் துடைத்துக் கொடு, அடுத்த நிமிடம் நான் உன் மாமனாருக்குப் போன் அடிக்கிறேன் என்றேன். போனில் பேச வெட்கப்படுகிறவன், ஒத்துக்கொண்டான். போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

குறை சொல்லக் கூடாது, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். படம் எடுத்தது, எழுப்பாமல் விட்டது, கடைக்கு அனுப்பியது, போனை எடுக்காதது, மூன்று பொம்மைகள் வரைக்கும் சொன்னான். அந்த அம்மாள் யாரென்றே மாப்பிள்ளைக்குத் தெரியாது, தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றான்.  நாலு வருடத்துச் சுமை இறங்கப்போகிறது என்று நினைத்தேன்.

பெரியப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தம்பி, சீனாக்கார மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா?" என்றார்.

இருக்கிறார் என்றான்.

"அதானே பாத்தேன். கூட்டாளிக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க. இந்தக் காலத்துல அந்த மனசு யாருக்கு வரும்? உங்களப் பெத்தவங்க புண்ணியம் பண்ணவங்க."

இல்லைங்க ஐயா, நிஜமாகவே நான்தான் என்று இவன் கெஞ்சினான். கெஞ்சக் கெஞ்ச அவருக்கு இவன்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில், எங்கள் பெண்ணுக்கு உங்களைப் போல் ஒருவர் அமைந்திருக்கலாம், என்ன செய்வது என்று பெருமூச்சு விட்டு போனை வைத்தார். அம்மா குழந்தையோடு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அவள் சிரிப்பது சாத்திய கதவையும் தாண்டிக் கேட்டது.

"நான் சொல்லிட்டேன்ல. இப்ப நீ அடி" என்றான் அவன்.

"எம் பேரு போகல."

"அதுக்கு நான் என்ன டா பண்ணுவேன்? உள்ளதத்தான சொன்னேன்?"

"நம்பலையே. அப்ப கணக்கு தீரல."

அடிக்க மாட்டேன் என்றேன்.  அவன் கெஞ்சினால் இளகிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதனால் பெரியப்பாவின் குரலை மனதுக்குள் மறுபடி ஓடவிட்டுக்கொண்டேன். அவன் கெஞ்சவில்லை, எழுந்தான். நாளைக்குக் கோயிலில் விசேஷம், கேரட்டு மட்டுமே நாலு மூட்டை வருகிறது, அங்கே இருக்கிற தோல் சீவி எல்லாம் கூர் மழுங்கிப்போய்விட்டது, உங்கள் வீட்டில் நல்லதாக ஒன்று இருந்தால் கொடு என்று கேட்டான்.

எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. அடுப்படிக்குப் போய் இரண்டையும் விரலில் தேய்த்துப் பார்த்தேன். மழுங்கியதைக் கொண்டுவந்து கொடுத்தேன்.